வீட்டு வாசலுக்கு வந்த கணினிக் கல்லூரி

கடைத்தெருவில் வணிகம் செய்த குடும்பங்கள் ஒவ்வொன்றுக்கும் முன்னாளில் ஒரு கணக்குப்பிள்ளை இருந்தார். சாய்வு மேசையின் முன் சப்பணமிட்டு அமர்ந்து, அன்றாட வரவு செலவைச் சிட்டையில் குறிப்பார். சிட்டையிலிருந்து பேரேட்டில் பெயர் வாரியாகப் பதிவார். ஆண்டு முடிந்ததும் ஐந்தொகை எடுத்து முதலாளியின் கையில் கொடுப்பார். அவர் சொன்னால்தான் லாபம் எவ்வளவு, யாரிடம் எவ்வளவு நிற்கிறது என்று முதலாளிக்கே தெரியும்.

அந்த மேசையும் சிட்டையும் பேரேடும் இன்று ஒரு கணினித் திரைக்குள் அடங்கிவிட்டன. ஆனால் அந்தத் திரையின் முன் யார் அமர்வது என்ற கேள்வி பல வீடுகளில் இன்னும் விடை காணாமல் நிற்கிறது. தெருமுனையில் உள்ள கணினி மையத்துக்கு ஓடி, ஒரு தாளைத் தட்டச்சு செய்வதற்கும் ஒரு விண்ணப்பத்தைப் பதிவேற்றுவதற்கும் கட்டணம் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். அதே வீட்டில் பன்னிரண்டாம் வகுப்பிலோ பட்டப்படிப்பிலோ தேறிய மகள் ஒருத்தி கையைக் கட்டிக்கொண்டு இருக்கிறாள்.

வாசக நண்பர்களே! வணிகத்திற்கான அடிப்படைக் கணினித் திறன் என்று கல்லூரிகள் முதலாண்டில் கற்பிக்கும் பாடம் இப்போது இணையத்தின் வழியே நம் வீட்டுக்குள்ளேயே வருகிறது. அதில் பெரும்பகுதி இலவசமாகவே கிடைக்கிறது. தமிழிலும் கிடைக்கிறது. இந்தப் பாடம் என்ன, யாருக்குப் பயன்படும், அதைத் தொடங்கியவர் பாதியில் விடாமல் முடிப்பதற்கு வீட்டார் என்ன செய்ய வேண்டும் என்பவற்றை இக்கட்டுரையில் பார்ப்போம்.

குறிஞ்சிப்பாடிக்கு இது எதற்கு?

கடலூர் மாவட்டத்தின் குறிஞ்சிப்பாடியை எடுத்துக்கொள்ளுங்கள். கைத்தறி லுங்கிக்குப் பெயர் பெற்ற ஊர். கடலூரிலிருந்து விருத்தாசலம் செல்லும் இரயில் பாதையில், வடலூருக்கும் நெய்வேலிக்கும் முன்னதாக அமைந்திருக்கிறது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி எடுப்பதற்காக 1956ஆம் ஆண்டு நிறுவப்பட்ட பொதுத்துறை நிறுவனம், 2016 முதல் என்.எல்.சி. இந்தியா என்ற பெயரில் இயங்குகிறது. அதைச் சுற்றி ஒப்பந்தக்காரர்கள், பொருள் வழங்குவோர், உணவகம் நடத்துவோர், துணிக்கடைக்காரர்கள் எனப் பலர் பிழைக்கிறார்கள். பக்கத்து ஊர்களிலிருந்து வளைகுடா நாடுகளுக்கும் சிங்கப்பூர், மலேசியாவுக்கும் வேலை தேடிச் சென்றவர்களும் பலர்.

இவர்கள் அனைவரின் வாழ்விலும் கடந்த சில ஆண்டுகளில் மூன்று மாற்றங்கள் நுழைந்திருக்கின்றன.

முதலாவது, 2017 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த சரக்கு மற்றும் சேவை வரி. பொருள் விற்போரின் ஆண்டு விற்றுமுதல் 40 லட்ச ரூபாயைத் தாண்டினால் பொதுவாக அவர்கள் பதிவு செய்தாக வேண்டும். பதிவு, கணக்குத் தாக்கல், வரி செலுத்துதல் எல்லாமே இணையத்தில்தான் நடக்கின்றன.

இரண்டாவது, சிறு தொழில்களுக்கான ‘உத்யம்’ பதிவு. 2020 ஜூலை 1 முதல் இது இணையத்தில் மட்டுமே செய்யப்படுகிறது. இதற்குக் கட்டணம் கிடையாது. ஆனாலும், தானே செய்யத் தெரியாத காரணத்தால் இலவசப் பதிவுக்குப் பணம் கொடுப்பவர்கள் ஏராளம்.

மூன்றாவது, அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் பொருள் வாங்குவதற்காக 2016இல் தொடங்கப்பட்ட அரசு மின்-சந்தை. துடைப்பம் முதல் இயந்திர உதிரிபாகம் வரை அங்கே விற்பனைக்குப் பட்டியலிடப்படுகின்றன. பொருளின் விவரத்தை ஒழுங்காக எழுதி, படத்தைச் சேர்த்து, விலைப்புள்ளியைக் கணக்கிட்டுப் பதிவேற்றத் தெரிந்தவருக்கு ஒரு பெரிய நிறுவனத்தின் கதவு திறக்கிறது. தெரியாதவர் இடைத்தரகரை நாடுகிறார்.

இந்த மூன்றுக்கும் தேவைப்படுவது பெரிய பொறியியல் படிப்பன்று. ஒரு கடிதத்தைப் பிழையின்றித் தட்டச்சு செய்ய வேண்டும். ஒரு கணக்கை அட்டவணையில் போட வேண்டும். கோப்புகளைத் தேடினால் கிடைக்கும்படி அடுக்கி வைக்க வேண்டும். மின்னஞ்சலை முறையாக அனுப்பவும், மோசடியை இனங்காணவும் தெரிய வேண்டும். கல்லூரிகளின் அறிமுகப் பாடம் கற்பிப்பது சரியாக இவற்றைத்தான்.

பாடத்தில் என்ன இருக்கும்?

உலகின் எந்தக் கல்லூரியின் பாடத்திட்டத்தைப் புரட்டினாலும் இந்த அறிமுகப் பாடத்தில் ஏறத்தாழ இந்த ஆறு பகுதிகளைக் காணலாம். கணினியின் உறுப்புகளும் கோப்புகளைப் பராமரிக்கும் முறையும் ஒன்று. கடிதம், விலைப்புள்ளி, அறிக்கை ஆகியவற்றைத் தயாரிக்கும் சொற்செயலி இரண்டு. கணக்குப் போடும் விரிதாள் மூன்று. பலர் முன்னிலையில் ஒரு திட்டத்தை விளக்க உதவும் காட்சி வில்லைகள் நான்கு. வாடிக்கையாளர் விவரம் போன்றவற்றைச் சேமித்துத் தேடும் தரவுத்தளம் ஐந்து. மின்னஞ்சல், இணையப் பயன்பாடு, பாதுகாப்பு ஆகியவை ஆறு.

இவற்றுள் வணிகக் குடும்பத்துக்கு உயிர்நாடியாக இருப்பது விரிதாள். அதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

1970களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் ஹார்வர்டு வணிகக் கல்லூரியில் டான் பிரிக்ளின் என்ற மாணவர் படித்து வந்தார். பேராசிரியர் கரும்பலகையில் ஒரு நிறுவனத்தின் கணக்கைக் கட்டம் கட்டமாக எழுதுவார். ஏதேனும் ஓர் எண்ணை மாற்ற வேண்டி வந்தால், அதைச் சார்ந்த மற்ற எண்களையெல்லாம் ஒவ்வொன்றாக அழித்துத் திருத்த வேண்டியிருந்தது. ஓர் எண்ணை மாற்றியதும் மற்றவை தாமாகவே மாறிக்கொண்டால் எப்படியிருக்கும் என்று அந்த மாணவர் எண்ணினார். பாப் ஃப்ராங்க்ஸ்டன் என்ற நண்பருடன் சேர்ந்து அவர் உருவாக்கிய ‘விசிகால்க்’ என்ற மென்பொருள் 1979இல் வெளிவந்தது. இன்று அலுவலகங்கள்தோறும் புழங்கும் எக்செல் முதலியவை அனைத்தும் அதன் வழிவந்தவையே.

ஒரு துணிக்கடையின் இருப்பை வைத்து இதைப் புரிந்துகொள்ளலாம். விரிதாளில் மேலிருந்து கீழாக வரும் நெடுவரிசைகளுக்கு எழுத்துகளும், இடமிருந்து வலமாக வரும் கிடைவரிசைகளுக்கு எண்களும் பெயர்களாக உள்ளன. நெடுவரிசையும் கிடைவரிசையும் சந்திக்கும் கட்டத்துக்கு அவ்விரண்டும் சேர்ந்த முகவரி அமைகிறது. முதல் நெடுவரிசையில் பொருளின் பெயரையும், இரண்டாவதில் எண்ணிக்கையையும், மூன்றாவதில் விலையையும் எழுதுங்கள். நான்காவதில் தொகையை நாமாக எழுதக் கூடாது. சமக்குறி ஒன்றை இட்டு, ‘எண்ணிக்கைக் கட்டத்தை விலைக் கட்டத்தால் பெருக்கு’ என்று கட்டளை கொடுக்க வேண்டும்.

350 ரூபாய் லுங்கி 40 இருந்தால் 14,000 என்று வரும். 420 ரூபாய் லுங்கி 25 இருந்தால் 10,500. 280 ரூபாய்த் துண்டு 60 இருந்தால் 16,800. கூட்டுத்தொகைக்கு ஒரு கட்டளை கொடுத்தால் 41,300 என்று கீழே தோன்றும். நாளை முதல் லுங்கியின் விலை 360 ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு கட்டத்தை மட்டும் மாற்றினால் போதும். 14,000 என்பது 14,400 ஆகிவிடும். மொத்தம் 41,700 ஆகிவிடும். அழித்தல் திருத்தல் இல்லை.

புதிதாகக் கற்போர் இங்கே ஓர் இடத்தில் தடுக்கி விழுவதுண்டு. வரி விகிதத்தை ஒரு கட்டத்தில் எழுதிவிட்டு, எல்லாப் பொருள்களுக்கும் அதையே பயன்படுத்த நினைப்பார்கள். கட்டளையைக் கீழ்நோக்கி நகலெடுக்கும்போது அந்தக் கட்டத்தின் முகவரியும் ஒவ்வொரு வரியாகக் கீழே இறங்கிவிடும். விடை தவறாக வரும். முகவரியின் எழுத்துக்கும் எண்ணுக்கும் முன்னால் டாலர் குறியை இட்டால் அது அசையாமல் நிற்கும். இந்த ஒரு நுணுக்கத்தைத் தெரிந்து வைத்திருப்பவரின் கணக்கை நம்பலாம். தெரியாதவரின் கணக்கில் பிழை இருந்தும் கண்ணில் படாது.

நம் வீட்டுக் கணக்கே பயிற்சிப் பாடம்

பாடத்தில் வரும் எடுத்துக்காட்டுகள் எங்கோ உள்ள நிறுவனங்களைப் பற்றியவையாக இருக்கலாம். அவற்றோடு நிறுத்திவிடாமல் நம் வீட்டுக் கணக்கை விரிதாளில் போட்டுப் பார்ப்பதே சிறந்த பயிற்சி.

ஜகாத் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். கடைச் சரக்கின் மதிப்பு 4,80,000 ரூபாய், ரொக்கம் 90,000, உறுதியாக வரவேண்டிய பாக்கி 1,10,000 என மூன்று வரிகளில் எழுதுங்கள். உடனே கொடுக்க வேண்டிய கடன் 80,000 என்று நான்காவது வரியில் எழுதுங்கள். முதல் மூன்றையும் கூட்டி நான்காவதைக் கழித்தால் 6,00,000 வருகிறது. அதில் நாற்பதில் ஒரு பங்கு 15,000. நிஸாப், தங்கத்தின் மதிப்பு, எந்தக் கடனைக் கழிப்பது போன்றவற்றை ஆலிம்களிடம் கேட்டுத் தெளிந்துகொண்டு அதற்கேற்பக் கட்டளையை அமைத்துவிட்டால், அடுத்த ஆண்டு எண்களை மட்டும் மாற்றினால் போதும். ரமலானின் கடைசி நாள்களில் தாளும் பேனாவுமாக அல்லாட வேண்டியதில்லை.

கணவர் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளில் மாதந்தோறும் வரும் பணம், பிள்ளைகளின் கல்விக் கட்டணம், மருத்துவச் செலவு, வீடு கட்டும் செலவு ஆகியவற்றை மனைவி ஒரு விரிதாளில் எழுதி மாதக் கடைசியில் அனுப்பி வைக்கலாம். கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துக்கொள்ளும்படி அல்பகரா அத்தியாயத்தின் நீண்ட வசனம் நமக்குக் கற்பித்திருப்பதை அனைவரும் அறிவோம். எழுதப்பட்ட கணக்கு இருக்கும் வீட்டில் மனக்கசப்புக்கு இடம் குறைவு.

கணக்கும் கணினியும் நமக்கு அந்நியமானவை என்று எண்ணுவோருக்கு ஒரு செய்தி. கணினி உலகில் ஒரு வேலையைப் படிப்படியாகச் செய்யும் வழிமுறைக்கு ‘அல்காரிதம்’ என்று பெயர். ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதின் அறிவு இல்லத்தில் பணியாற்றிய கணித மேதை அல்குவாரிஸ்மியின் பெயர் லத்தீன் மொழியில் திரிந்து பிறந்த சொல் அது. அல்ஜீப்ரா என்ற சொல்லும் அவருடைய நூலின் தலைப்பிலிருந்து வந்ததே. வாரிசுரிமைப் பங்கீடு, வணிகம், நில அளவை போன்ற அன்றாடத் தேவைகளுக்கு உதவும் பொருட்டே அந்நூலை எழுதுவதாக அவர் அதன் முன்னுரையில் குறிப்பிட்டார். பாகப்பிரிவினைக் கணக்குகளுக்காக அதில் ஒரு பெரும்பகுதியையே ஒதுக்கினார். வீட்டுத் தேவைக்காகக் கணக்குக் கற்பது நம் முன்னோர் காட்டிய வழியே.

எங்கே கற்பது?

வீட்டிலிருந்தே கற்க விரும்புவோருக்கு இன்று உள்ள வழிகளை ஒவ்வொன்றாகக் காண்போம்.

தமிழில் தொடங்க விரும்புவோருக்கு முதலில் சொல்ல வேண்டியது, மும்பை ஐ.ஐ.டி. நடத்தும் ‘ஸ்போக்கன் டுட்டோரியல்’ திட்டம். மத்திய அரசின் நிதியுதவியால் உருவான இத்திட்டத்தில், கணினித் திரையில் நடப்பதை அப்படியே பதிவு செய்து, அதற்கான விளக்கத்தைக் குரலில் சேர்த்துச் சிறு பாடங்களாகத் தந்திருக்கிறார்கள். ஒவ்வொரு பாடமும் ஏறத்தாழப் பத்து நிமிடங்கள் ஓடும். சொற்செயலி, விரிதாள் ஆகியவற்றுக்கான பாடங்கள் தமிழ்க் குரலிலும் உள்ளன. திரையின் ஒரு பாதியில் பாடம் ஓட, மறு பாதியில் கற்பவர் அதையே செய்து பார்க்க வேண்டும் என்பது இவர்களின் முறை. பார்ப்பதோடு நின்றுவிடாமல் கையும் பழகுவதால் பாடம் மனத்தில் தங்குகிறது.

இப்பாடங்களில் கற்பிக்கப்படும் ‘லிப்ரெ ஆபிஸ்’ என்ற மென்பொருள் தொகுப்பு 2010 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. எக்செல் கோப்புகளையும் இதில் திறக்கலாம். இதை நன்கு பழகியவர் எக்செலுக்கு மாறுவதில் பெரிய சிரமம் இராது. எனவே மென்பொருளுக்குப் பணம் இல்லையே என்று எவரும் தயங்க வேண்டியதில்லை.

இரண்டாவது, மத்திய அரசின் ‘ஸ்வயம்’ தளம். 2017 ஜூலை 9 அன்று தொடங்கப்பட்டது. காணொலி, வாசிப்புப் பாடம், தன்மதிப்பீட்டுத் தேர்வு, ஐயம் கேட்கும் அரங்கு என நான்கு பகுதிகள் ஒவ்வொரு பாடத்திலும் உண்டு. கற்பதற்குக் கட்டணமில்லை. சான்றிதழ் வேண்டுவோர் மட்டும் தேர்வுக் கட்டணம் செலுத்துகிறார்கள். இத்தளத்தில் சென்னை ஐ.ஐ.டி. ஒருங்கிணைக்கும் என்.பி.டி.இ.எல். பாடங்களில் வாராந்தரப் பயிற்சிகளுக்கு 25 மதிப்பெண், நேரில் மையத்துக்குச் சென்று எழுதும் தேர்வுக்கு 75 மதிப்பெண் எனப் பிரித்திருக்கிறார்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2021ஆம் ஆண்டு விதிகளின்படி, ஒரு பருவத்தின் பாடங்களில் 40 விழுக்காடு வரை ஸ்வயம் வழியாகப் படித்ததைக் கல்லூரிகள் ஏற்றுக்கொள்ளலாம். கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் தம் துறைத் தலைவரிடம் இதைப் பற்றிக் கேட்டறிவது நன்று.

மூன்றாவது, 2022 மார்ச் 1 அன்று தமிழக அரசு தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டம். கலை, அறிவியல் கல்லூரி மாணவர்களுக்கு இத்திட்டத்தின் கீழ் அலுவலகக் கணினித் திறன் பாடமும் கற்பிக்கப்பட்டது. ‘எல்லோருக்கும் வைத்த பாடம்தானே’ என்று பிள்ளைகள் இதை அலட்சியமாக முடித்துவிடக் கூடாது.

முழுப் பட்டம் பெற விரும்புவோருக்கு அஞ்சல் வழிக் கல்வியும் இணையவழிக் கல்வியும் உள்ளன. நம் மாவட்டத்தின் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979ஆம் ஆண்டிலேயே தொலைநிலைக் கல்வியைத் தொடங்கியது. பாடப் புத்தகங்கள் தபாலில் வந்து இறங்கிய அந்த நாள்களில், வீட்டை விட்டு வெளியேற முடியாத எத்தனையோ பெண்கள் அதனால் பட்டதாரிகள் ஆனார்கள். முறையான அங்கீகாரம் பெற்ற தொலைநிலை, இணையவழிப் பட்டங்கள் நேரடியாகக் கல்லூரிக்குச் சென்று பெறும் பட்டங்களுக்கு இணையானவை என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022 செப்டம்பரில் தெளிவுபடுத்தியது. சேருமுன் அந்தப் பாடத்துக்கு அந்த ஆண்டில் அங்கீகாரம் உண்டா என்று மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு வெளியிடும் பட்டியலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அரசு வேலையில் தட்டச்சராக விரும்புவோருக்கு வேறொரு சான்றிதழ் தேவை. தமிழகத் தொழில்நுட்பக் கல்வித் துறை நடத்தும் அலுவலகத் தானியக்கக் கணினிச் சான்றிதழ்த் தேர்வு அது. இணையத்தில் பெற்ற வேறு சான்றிதழ்கள் இதற்கு ஈடாகா. ஆனால் இணையத்தில் கற்ற திறமை இத்தேர்வை எளிதில் வெல்ல உதவும். தமிழ்த் தட்டச்சையும் உடன் பழக வேண்டும். 1999ஆம் ஆண்டு சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டி ஏற்கப்பட்ட ‘தமிழ்99’ விசைப்பலகையைக் கற்றுக்கொண்டால், தமிழில் விரைவாகத் தட்டச்சு செய்யலாம்.

ஏன் பாதியில் நின்றுவிடுகிறது?

இத்தனை வசதிகள் இருந்தும் எல்லோரும் கற்றுவிடவில்லையே, ஏன்?

அமெரிக்காவின் ஹார்வர்டு, எம்.ஐ.டி. ஆகிய நிறுவனங்கள் நடத்திய இலவச இணையப் பாடங்களை ஆராய்ந்தவர்கள் 2019ஆம் ஆண்டு ‘சயன்ஸ்’ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 2017-18ஆம் கல்வியாண்டில் அப்பாடங்களில் சேர்ந்தவர்களில் ஏறத்தாழ 3 விழுக்காட்டினரே அவற்றை முடித்தார்கள். அதே பாடங்களில் சான்றிதழுக்காகப் பணம் கட்டியவர்களிடையே முடித்தவர்கள் 46 விழுக்காடு. பாடம் ஒன்றே. ஆசிரியர் ஒருவரே. ஆனால் முடிக்க வேண்டும் என்ற பிடிமானம் ஒரு சாராருக்கு இருந்தது. மறு சாராருக்கு இல்லை.

கல்லூரிக்குச் செல்லும் மாணவிக்கு மணி அடிக்கிறது. வருகைப் பதிவு இருக்கிறது. அருகில் தோழி இருக்கிறாள். வீட்டில் படிப்பவளுக்கு இவை எதுவும் இல்லை. அடுப்பில் பால் பொங்குகிறது. விருந்தினர் வருகிறார்கள். தம்பி கணினியை விளையாட்டுக்குக் கேட்கிறான். ‘வீட்டில்தானே இருக்கிறாய், பிறகு பார்த்துக்கொள்’ என்று எல்லோரும் சொல்கிறார்கள். அந்தப் ‘பிறகு’ வருவதே இல்லை. மூன்றாவது வாரத்துப் பாடத்தோடு படிப்பு நின்றுவிடுகிறது. பின்னர், ‘அவளுக்கு இதிலெல்லாம் ஆர்வமில்லை’ என்று நாமே தீர்ப்பும் எழுதிவிடுகிறோம்.

2019 முதல் 2021 வரை நாடு முழுவதும் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வில், 15 முதல் 49 வயதுள்ளோரில் இணையத்தை எப்போதேனும் பயன்படுத்தியதாகக் கூறிய பெண்கள் 33 விழுக்காடு. ஆண்கள் 57 விழுக்காடு. ஒரே வீட்டுக் கூரையின் கீழ் இருக்கும் இடைவெளி இது. பாடம் இலவசமாக இருப்பதால் மட்டும் இந்த இடைவெளி தூர்ந்துவிடாது.

வீட்டார் தர வேண்டிய மூன்று

பெற்றோரே, கணவன்மார்களே! உங்களிடம் கேட்பது மூன்றே பொருள்கள்.

முதலாவது, ஒரு நேரம். நாள்தோறும் ஒரு மணி நேரம் போதும். அது மாறாத நேரமாக இருக்க வேண்டும். ஃபஜ்ருக்குப் பிறகோ, பிள்ளைகள் பள்ளிக்குப் போன பின்போ, வீட்டுக்கு ஏற்றபடி வைத்துக்கொள்ளலாம். பிள்ளைகள் மதரஸாவுக்குச் செல்லும் நேரத்தில் அவர்களைக் கடைக்கு அனுப்ப மாட்டோம் அல்லவா? இந்த ஒரு மணி நேரத்துக்கும் அதே மரியாதை வேண்டும்.

இரண்டாவது, விசைப்பலகையுள்ள ஒரு கணினி. கைப்பேசியில் பாடத்தைப் பார்க்கலாம். விரிதாளைப் பழக முடியாது. சிறிய திரையில் இருபது நெடுவரிசைகளை எப்படிப் பார்ப்பது? பத்து விரல்களும் எப்படிப் பழகும்? புதுக் கணினி வாங்க இயலாதவர்கள் நம்பகமான இடத்தில் பழைய கணினியை வாங்கலாம். இப்பாடத்துக்கு அதிக ஆற்றலுள்ள கணினி தேவையில்லை. 2011 முதல் தமிழக அரசு மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினி சில வீடுகளில் இன்னும் பரணில் கிடக்கக்கூடும். தூசு தட்டி, பழுது பார்த்தால் அதிலேயே தொடங்கலாம்.

மூன்றாவது, ஒரு துணை. பக்கத்து வீட்டுப் பெண், நாத்தனார், கல்லூரியில் படிக்கும் தம்பி என யாரேனும் ஒருவர் சேர்ந்து படிக்கட்டும். ஒருவருக்குப் புரியாததை மற்றவர் சொல்லித் தரலாம். ஜமாஅத்தாரும் கல்வி அறக்கட்டளையினரும் நினைத்தால், மதரஸாக் கட்டடத்தின் ஓர் அறையில் நான்கு கணினிகளை வைத்துப் பெண்களுக்குத் தனி நேரம் ஒதுக்கலாம். ஆசிரியர் காணொலியில் வருகிறார். அறையும் மின்சாரமும் ஒரு மேற்பார்வையாளரும் இருந்தால் போதும்.

படிப்பவர்களுக்கும் ஒரு சொல். பன்னிரண்டு வாரங்களைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். முதல் இரண்டு வாரங்களில் தட்டச்சும் கோப்புப் பராமரிப்பும். அடுத்த இரண்டு வாரங்களில் கடிதமும் விலைப்புள்ளியும். ஐந்து முதல் ஒன்பது வரை விரிதாள். பத்தாவதில் காட்சி வில்லை. பதினொன்றாவதில் மின்னஞ்சலும் பாதுகாப்பும். பன்னிரண்டாவது வாரத்தில், நம் கடையின் அல்லது வீட்டின் ஒரு மாதக் கணக்கை முழுமையாகப் போட்டு வாப்பாவிடமோ கணவரிடமோ காட்டுங்கள். எந்தச் சான்றிதழையும் விட அந்தக் கணக்குத்தான் உங்கள் திறமைக்குச் சான்று. வாரந்தோறும் நீங்கள் உருவாக்கியவற்றை ஒரு கோப்புறையில் சேர்த்து வையுங்கள். நாளை வேலைக்கு நேர்முகத் தேர்வு வரும்போது காட்டுவதற்கு அது உதவும்.

எச்சரிக்கை தேவை

இந்த அறிமுகப் பாடம் முதற்படி மட்டுமே. இதை முடித்தவுடன் வேலை காத்திருக்கும் என்று எவரேனும் சொன்னால் நம்ப வேண்டாம். இதன் மேல் கணக்கியல் மென்பொருளையும் வரித் தாக்கலையும் கற்கும்போதுதான் வருமானத்துக்கு வழி பிறக்கும். 1986ஆம் ஆண்டு பிறந்த ‘டேலி’ மென்பொருளின் கதையை நினைவில் வையுங்கள். ஆலைகளுக்கு மூலப்பொருளும் உதிரிபாகங்களும் விற்றுவந்த ஷியாம் சுந்தர் கோயங்கா, தம் தொழிலின் கணக்கை எழுதப் பொருத்தமான மென்பொருள் கிடைக்காமல் தம் மகன் பரத் கோயங்காவை எழுதச் சொன்னார். ஒரு குடும்பத்தின் கணக்குத் தேவையே பின்னர் நாடெங்கும் பரவிய தொழிலாயிற்று.

‘வீட்டிலிருந்தே தட்டச்சு வேலை, நாளுக்கு ஆயிரக்கணக்கில் வருமானம், முன்பணம் மட்டும் கட்டுங்கள்’ என்று கைப்பேசியில் வரும் செய்திகளிடம் மிகுந்த விழிப்பு வேண்டும். வேலை தருபவர் பணம் கேட்க மாட்டார். வங்கிக் கணக்கு எண்ணையோ, கைப்பேசிக்கு வரும் இரகசிய எண்ணையோ யாரிடமும் சொல்லக் கூடாது. ஏமாந்துவிட்டதாகத் தெரிந்தால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். விரைந்து அழைத்தால் பணத்தை முடக்கி வைக்க வாய்ப்புண்டு. வீட்டுப் பெண்கள் ஏமாந்தால் ஏசுவார்களோ என்ற அச்சத்தில் சொல்லாமல் இருந்துவிடாதபடி அவர்களுக்குத் தைரியம் கொடுப்பதும் நம் கடமை.

வெறும் காணொலிகளைக் காட்டிவிட்டுப் பெருந்தொகை வாங்கும் மையங்களிலும் கவனம் தேவை. சான்றிதழை வழங்குவது யார், அதை எந்த நிறுவனம் ஏற்கிறது, பயிற்சிக்குக் கணினி தருவார்களா என்று மூன்று கேள்விகளைக் கேட்ட பின்னரே பணம் கட்டுங்கள்.

அன்புச் சகோதரிகளே! முன்பெல்லாம் கல்லூரி தொலைவில் இருந்தது. பேருந்து வசதியில்லை என்றோம். தங்கும் இடம் இல்லை என்றோம். திருமணம் ஆகிவிட்டது என்றோம். இப்போது பாடம் நம் வீட்டு முன்னறைக்கே வந்து நிற்கிறது. அதற்கு ஓர் இருக்கை போட்டுக் கொடுப்பது நம் கையில் இருக்கிறது. வரும் திங்கட்கிழமை முதல் பாடத்தைத் திறந்து பாருங்கள். பன்னிரண்டு வாரங்கள் கழித்து, நம் வீட்டின் கணக்கு நம் வீட்டுக்குள்ளேயே, நம் மகளின் கையாலேயே எழுதப்படும், இன்ஷா அல்லாஹ்.